ஃபைல் இப்போது யார் மேசையில்?

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலும் அர்ஜுனன் தபசும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், பக்கத்துத் தெருக்களில் மொட்டை மாடியில் துணி காய்வதையும் பார்த்திருப்பார்கள். பல்லவர் காலத்துப் பாறைகளுக்கு இவ்வளவு அருகில் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே ஒரு பழைய வீட்டின் தளம் ஒழுகினால், கொத்தனாரைக் கூப்பிட்டு மறுநாளே வேலையைத் தொடங்கிவிட முடியாது.

காரணம், 1958-ல் வந்து 2010-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் தொல்லியல் சின்னங்கள் சட்டம். பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாக வீடு கட்டக் கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடமாகவோ, பிறகு முறையான அனுமதியுடன் கட்டியதாகவோ இருந்தால், பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை புதிதாகக் கட்டவும் கேட்கலாம். ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கெடுபிடியான சட்டம்தான். ஆனால், விண்ணப்பம் எப்படி நகர வேண்டும் என்று அது எழுதி வைத்திருப்பதை, அலுவலகங்களில் ‘வொர்க்ஃப்ளோ’ மென்பொருளை அமைக்கிறவர்கள் ஒருமுறை படிக்கலாம். விண்ணப்பம் முதலில் மாநில அளவில் நியமிக்கப்பட்ட உரிய அதிகாரியிடம் போகும். அவர் 15 நாளுக்குள் டெல்லியில் உள்ள தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டடத்தால் சின்னத்துக்கு என்ன பாதிப்பு என்று ஆணையம் இரண்டு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் அதே அதிகாரி அனுமதி தர வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். மறுப்பதென்றால் விண்ணப்பித்தவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தந்து, எழுத்தில் தர வேண்டும்.

இதில் யாருடைய பெயரும் இல்லை, பதவிதான் இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரே கேள்வி, ஒரு கெடு. ‘இல்லை’ என்றால் அடுத்து என்ன என்பதும் இருக்கிறது. நடைமுறையில் கெடு தவறாமல் நடக்கிறதா என்பது வேறு விஷயம். தவறினால், எந்தப் படியில் தவறியது என்று விரலை வைத்துக் காட்ட முடியும்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கற்பனை விடுதிக்குப் போகலாம். புதிதாக ஒரு மென்பொருள் வாங்குகிறார்கள். கொள்முதல் எதுவாக இருந்தாலும் மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டும்: ஸ்டோர் பொறுப்பாளர், கணக்காளர், ஜெனரல் மேனேஜர். கணினித் திரையில் பார்க்க அழகாக இருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் கொக்கிலமேட்டில் படகு கரையேறுகிறது, வஞ்சிரம் வந்திருக்கிறது. வாங்கப் போன பையன் போனைப் பார்த்தபடி நிற்கிறான்.

“அண்ணே, ஜி.எம். இன்னும் அப்ரூவ் பண்ணலையா?”

“அவரு ஃபிளைட்ல இருக்காருப்பா.”

ஜி.எம். பெங்களூரில் இறங்கி ‘ஓகே’ அழுத்தும்போது மீனும் இல்லை, மீன்காரம்மாவும் இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் ஜி.எம். தன் பாஸ்வேர்டைக் கணக்காளரிடமே கொடுத்துவிடுவார். அன்றோடு மூன்று படியும் ஒரே ஆளின் கையில். திரையில் மட்டும் மூன்று பச்சை டிக் விழுந்துகொண்டிருக்கும். ஒப்புதல் படிகளை அதிகம் வைத்த இடங்களில் இதுதான் பெரிய ஆபத்து. முன்பு காகிதத்தில் ஒரு கையெழுத்தாவது உண்மையாக இருந்தது.

இத்தனைக்கும் இதைச் சரிசெய்யும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கிறது. அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களில் ஒன்றான ஜோஹோவின் தலைமையிடமே இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில்தான் உள்ளது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் கணக்கு மென்பொருளில் ஒரே ஒப்புதல், வரிசையாகப் பல ஒப்புதல், நிபந்தனையைப் பொறுத்த ஒப்புதல் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பிற நிறுவனங்களின் மென்பொருள்களிலும் ஏறக்குறைய இதேதான், பெயர்கள்தான் மாறும்.

அந்த மூன்றாவது வகையை நிறையப் பேர் தொடுவதே இல்லை. விடுதிக்குத் தேவை அதுதான். தினசரி மீன், காய்கறி ஒரு தொகைக்குள் இருந்தால் சமையல் தலைவர் சொன்னாலே போதும், அதைத் தாண்டினால் கணக்காளர், ஏ.சி., ஜெனரேட்டர் மாதிரி பெரிய செலவென்றால் மட்டும் ஜி.எம். மாமல்லபுரத்தில் 100 மீட்டர், 200 மீட்டர் என்று கோடு போட்டதும் இதே வேலைதான். தூரத்துக்குப் பதில் இங்கே தொகை.

அடுத்து, ஆளின் பெயரைப் போடாமல் பொறுப்பைப் போடுவது. ‘கணக்குப் பிரிவுத் தலைவர்’ என்று வைத்தால், ஆள் மாறினாலும் ஃபைல் அனாதையாகாது. அரசு அலுவலகத்தில் ‘கூடுதல் பொறுப்பு’ என்பார்களே, அதுபோல விடுப்பில் போகிறவர் மாற்று ஆளை மென்பொருளிலேயே குறித்துவிட்டுப் போகலாம். பாஸ்வேர்டு கை மாறாது. யார் பேரில் யார் ஒப்புதல் தந்தார்கள் என்பதும் பதிவாகும்.

கெடு முடிந்தால் என்ன என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். நினைவூட்டல் போகலாம், மேலதிகாரிக்குப் போகலாம், தானாகவே ஒப்புதல் ஆகலாம். விடுப்பு விண்ணப்பத்துக்குத் தானியங்கி ஒப்புதல் சரி. பணம் வெளியே போகும் எதற்கும் அதை வைக்கக் கூடாது.

‘நிராகரி’, ‘திருப்பி அனுப்பு’ இரண்டையும் ஒரே பொத்தானாக வைப்பதும் கொடுமை. பில்லில் ஒரு எண் தவறு என்பதற்காக விண்ணப்பத்தையே முதலிலிருந்து போட வைத்தால், அடுத்த முறை யாரும் மென்பொருள் பக்கம் வர மாட்டார்கள். காரணம் எழுதாமல் நிராகரிக்க முடியாதபடி அமைப்பதற்கு ஒரு டிக் போட்டால் போதும்.

விண்ணப்பித்தவரே தனக்கு ஒப்புதல் தந்துகொள்ள முடியாதபடி பூட்டுவதும் அவசியம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்தே விலக்கியது. கி.பி. 921-ல் கல்லில் வெட்டியதை இன்று செட்டிங்ஸில் போட மறந்துவிடுகிறார்கள்.

சில இடங்களில் படியையே எடுத்துவிடலாம். 2024 ஜூலை 22-ல் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டம் அப்படித்தான். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் சுயசான்று தந்து கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி. ஆனால் அது மாநில அரசின் கட்டட அனுமதி. தொல்லியல் சின்னத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு மத்திய சட்டத்தின் படிகள் அப்படியே இருக்கின்றன. ஒன்று கிடைத்ததும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்கால் தோண்டக் கூடாது.

தளம் ஒழுகும் அந்த வீட்டுக்காரருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜூலை 1-ல் விண்ணப்பித்து, ஒவ்வொரு படியும் தன் கடைசி நாள் வரை எடுத்துக்கொண்டால், ஜூலை 16, செப்டம்பர் 16, அக்டோபர் 16. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. தளத்தின் மேல் தார்ப்பாய் போடுவதா, சித்திரையிலேயே விண்ணப்பிப்பதா என்பதை அவர் இப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.