நன்னீர்க் கடலில் சால்மன்

ஊரை விட்டு நாம் இங்கு வந்தோம்; நம் மக்களோ கடல் கடந்து இன்னும் தொலைவு சென்றுவிட்டனர். ஆதலால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் அயல்நாட்டுச் செய்தி இல்லாத கடிதம் அரிதாகிவிட்டது. சென்ற மாதம் நம் சங்கத்து உறுப்பினரான ஓர் அம்மையார் எழுதியிருந்தார். அவருடைய புதல்வர் அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் பொறியாளராக இருக்கிறார். நண்பர்கள் இருவருடன் கூடிப் பதினெட்டு அடி நீளமுள்ள படகொன்றை வாங்கியிருக்கிறாராம். மிச்சிகன் ஏரியில் சால்மன் மீன் பிடிக்கப் போகிறாராம். வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலையும் தொலைபேசியில் தாயாருக்குப் படித்துக் காட்டினாராம். "ஈயக்குண்டு என்கிறான், கரண்டி என்கிறான், வட்டத் தகடு என்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏரிதானே என்று நான் கவலையற்று இருக்கலாமா?" என்று கேட்கிறார் அம்மையார்.

முதலில் அந்த 'ஏரிதானே' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஏரி என்றால் நம் கண்முன் எழுவது கரையும் மதகும் கலிங்கும், அவற்றின் கீழ்ப் பாயும் வயல்களும். மிச்சிகன் ஏரி அத்தகையதன்று. அதன் நீளம் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் 190 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 281 மீட்டர். பரப்பளவில் அது நம் கேரள மாநிலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. இக்கரையில் நிற்பவனுக்கு அக்கரை தோன்றாது. நீரில் உப்பு இல்லையேயன்றி, அலையும் காற்றும் கடலுக்குரியவையே. எனவே, அம்மையார் அதனை ஏரி என்று எண்ணாமல் நன்னீர்க் கடல் என்றே எண்ணிக்கொள்வது நலம்.

சால்மன் அந்த நீருக்குப் பிறவியால் உரிய மீனன்று. அதுவும் நம்மைப்போல் குடியேறியதே. அட்லாண்டிக் கடலைச் சேர்ந்த 'ஏல்வைஃப்' என்னும் சிறு மீன் கால்வாய்களின் வழியே பேரேரிகளுக்குள் புகுந்து, தன்னை உண்ணும் பெரிய மீன் குறைந்திருந்த காலத்தில் அளவின்றிப் பெருகியது. 1967ஆம் ஆண்டுக் கோடையில் அவை கூட்டங் கூட்டமாக மடிந்து கரையெங்கும் நாறின. இவற்றைத் தின்று குறைக்கவும், மக்களுக்கு மீன்பிடிக்கும் இன்பத்தை அளிக்கவும் கருதி, மிச்சிகன் மாநில மீன்வளத் துறைத் தலைவராயிருந்த ஹோவர்ட் டானர் பசிபிக் கரையிலிருந்து சால்மனைக் கொணர்ந்தார். 1966இல் கோஹோ சால்மன் குஞ்சுகளும், மறு ஆண்டில் சினூக் சால்மன் குஞ்சுகளும் ஆறுகளில் விடப்பட்டன. அவை ஏரிக்குள் இறங்கி, ஏல்வைஃபைத் தின்று கொழுத்தன. மும்பைச் சந்தையில் 'ராவஸ்' என்றும் நம் கடற்கரையில் 'காலா' என்றும் விற்கப்படும் மீனை 'இந்தியன் சால்மன்' என்பார்கள். அது வேறு இனம். பெயரளவில்தான் உறவு.

இனிப் பட்டியலுக்கு வருவோம். அதிலுள்ள கருவிகள் யாவும் ஒரே வினாவுக்கு விடையாகச் செய்யப்பட்டவை. மீன் எத்தனை ஆழத்தில் இருக்கிறது? அந்த ஆழத்துக்கு இரையை எவ்வாறு கொண்டுசெல்வது?

சால்மன் குளிர்ச்சியை நாடும் மீன். ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி வரையுள்ள நீர் சினூக்குக்கு உகந்தது. ஆகஸ்டு மாதத்தில் மேல்நீர் 20 டிகிரியை எட்டிவிடும். அப்பொழுது ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும்: மேலே வெம்மையான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர், இடையே வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு மெல்லிய படலம். அப்படலத்தை ஒட்டியே மீன் உலவும். அது இன்று 10 மீட்டரில் இருக்கலாம்; நாளை 25 மீட்டருக்கு இறங்கலாம். நங்கூரமிட்டு உட்கார்ந்து தூண்டில் போடுபவனுக்கு அங்கே வேலையில்லை. படகை நிதானமாக நடப்பவனின் வேகத்தில், அதாவது மணிக்கு 3½ முதல் 4½ கிலோமீட்டர் வரை செலுத்தி, இரையை நீருக்குள் இழுத்துக்கொண்டே செல்லவேண்டும்.

அம்மையார் கேட்ட ஈயக்குண்டு இதற்காகத்தான். படகின் பின்மூலைகளில் 'டவுன்ரிகர்' என்னும் சிறு ராட்டினத்தைப் பொருத்துவர். அதிலுள்ள மெல்லிய கம்பியின் நுனியில் நாலு அல்லது ஐந்து கிலோ எடையுள்ள குண்டு தொங்கும். தூண்டிற்கோலின் நரம்பை அக்குண்டின் அருகே ஒரு கவ்வியில் செருகிக் கீழே இறக்குவர். எத்தனை மீட்டர் இறங்கிற்று என்பதை ராட்டினத்திலுள்ள எண்காட்டி சொல்லும். மீன் கவ்வியதும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட்டுவிடும். பிறகு ஈயத்தின் பாரமின்றி மனிதனும் மீனும் மட்டுமே இழுத்துக்கொள்ளலாம். இங்கு நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்று: படகு நகரும்போது கம்பி பின்புறமாகச் சாயும். எண்காட்டி 30 என்று சொன்னாலும் குண்டு அதைவிடச் சற்று மேலேயே இருக்கும். சாய்வைக் கண்ணால் பார்த்துக் கணக்கிடாதவன் வெறுங்கையோடு திரும்புவான்.

கரண்டி என்பது பிடியில்லாத கரண்டியைப்போல் வளைந்த உலோகத் தகடு. நீரில் இழுபடும்போது அது ஏல்வைஃபைப்போல் புரண்டு மின்னும். நரம்பு முறுக்கேறாதிருக்க, நல்ல சுழல்வளையம் ஒன்றை அதன் முன்னே சேர்க்கவேண்டும். வட்டத் தகடு வேறொரு வகை. நீரின் விசையைக் கொண்டே கீழிறங்கும் அது, அடியிலுள்ள எண்ணைத் திருப்பிவைத்தால் படகுக்குப் பக்கவாட்டில் விலகியும் ஓடும். ஈயத்தை உள்ளே வைத்துப் பின்னிய கயிறும் உண்டு. பத்துக் கெஜத்துக்கு ஒரு நிறமாகச் சாயமிட்டிருப்பார்கள். வழக்கமான வேகத்தில் நிறம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்தடி ஆழம் என்பது வாய்பாடு.

கடையில் உள்ளவற்றையெல்லாம் வாங்கிக் கட்டவேண்டுமென்பதில்லை. மூவர் செல்லும் பதினெட்டு அடிப் படகுக்குப் பின்மூலைகளில் இரண்டு குண்டுகளும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டத் தகடுகளும் போதும். அதற்கு மேற்பட்டால் நரம்புகள் சிக்கி, நாள் முழுவதும் சிக்கெடுப்பதிலேயே கழியும். குண்டுகளில் ஒன்றைக் குளிர்ப் படலத்திலும் மற்றொன்றை அதற்குச் சற்று மேலேயும் நிறுத்துக. சால்மன் மேல்நோக்கி எழுந்து இரையைக் கவ்வுமேயன்றித் தனக்குக் கீழே இறங்கிக் கவ்வுவது குறைவு. படகைத் திருப்பும்போது அகலமாக வளைத்துத் திருப்புக. வளைவின் உட்புறத்து இரை வேகம் குறைந்து தாழும். வெளிப்புறத்து இரை விரைந்து உயரும். எப்புறத்தில் மீன் கவ்விற்றோ அதுவே, வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதற்கு மீன் சொல்லும் விடை.

இவ்வளவும் மீனுக்கு. இனிச் சொல்லப்போவது மீனைவிட முக்கியமானது.

நம் கடற்கரை மீனவர்கள் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். மில்வாக்கி ஏரியின் மேற்குக் கரையில் இருப்பதால், கச்சான் அங்கே நிலத்திலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று. அது நீடித்து வீசினால் வெம்மையான மேல்நீரை அப்பால் தள்ளிவிடும். அவ்விடத்தை நிரப்ப அடியிலுள்ள குளிர்ந்த நீர் கரையருகே மேலெழும். குளிரைத் தொடர்ந்து சால்மனும் கரைக்கு வரும். சிறு படகுக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. ஆனால் அதே காற்றில்தான் வஞ்சனையும் இருக்கிறது. கரையோரம் நீர் தட்டையாகத் தோன்றும். அலை வளர இடமில்லாததே காரணம். உள்ளே செல்லச் செல்ல அலை உயரும். திரும்ப நினைக்கும்போது காற்று முகத்தில் அடிக்கும். எஞ்சின் நின்றுவிட்டாலோ, படகு மிச்சிகன் மாநிலத்துக் கரையை நோக்கி ஒதுக்கப்படும். மேலெழுந்த நீர் 10 டிகிரிக்கும் கீழ் இருக்கக்கூடும். கரையில் வெயில் கொளுத்தும் ஆகஸ்டு நாளிலேயே அதற்குள் விழுபவன் உறைகுளிரில் விழுகிறான்.

குளிர்நீரில் விழுந்தவனுக்கு மூன்று எண்களைச் சொல்லிக்கொடுப்பது வழக்கம்: 1, 10, 1. முதல் ஒரு நிமிடத்தில் மூச்சு திணறும். அதை அடக்கித் தலையை நீருக்கு மேல் வைக்கவேண்டும். அடுத்த பத்து நிமிடங்கள்வரை கைகால்கள் சொன்னபடி கேட்கும். நினைவு தவற ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். மிதவைச் சட்டை அணிந்தவனுக்கே இம்மூன்றும் பொருந்தும். அணியாதவன் முதல் நிமிடத்தையே கடக்காமற்போகலாம். சட்டையைப் படகின் பெட்டியில் வைத்திருப்பதால் பயனில்லை. உடம்பில் இருக்கவேண்டும்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. குஞ்சுகளாக விடப்பட்ட கோஹோ வளர்ந்து திரும்பிய 1967ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், அவற்றைப் பிடிக்கும் ஆசை ஊரெங்கும் காய்ச்சல்போல் பரவியது. ஆற்றிலும் குளத்திலும் ஓட்டத்தக்க சிறு படகுகளில் நூற்றுக்கணக்கானோர் பிளாட் வளைகுடாவுக்கு வந்து குவிந்தனர். செப்டம்பர் 23ஆம் நாள் காற்று திடீரென எழுந்தது. படகுகள் கவிழ்ந்தன, கரையில் மோதின. ஏழு பேர் மாண்டனர். அவர்களுக்கும் 'ஏரிதானே' என்ற எண்ணமே இருந்திருக்கவேண்டும்.

ஆகவே, படகைக் கட்டும் முறையில் முதலிடம் திரும்பி வருதலுக்கே உரியது. பெரிய எஞ்சினுக்குத் துணையாகச் சிறிய எஞ்சின் ஒன்று பின்புறம் இருக்கட்டும். மெதுவாக இழுத்துச் செல்லவும் அது உதவும். பெரியது நின்றால் கரை சேர்க்கவும் அதுவே உதவும். வேகத்தைக் குறைக்க நீரில் இழுக்கும் கித்தான் பை ஒன்றுண்டு. எஞ்சின்கள் இரண்டும் கைவிட்டால் அதை முன்னணியத்தில் கட்டி நீரில் விட, படகு அலைக்கு முகங்கொடுத்து நிற்கும். ஈயக்குண்டு பாறையில் சிக்கினால், எஞ்சினை முடுக்கி இழுப்பது பெரும்பிழை; பின்புறம் தாழ்ந்து அலை உள்ளே புகும். ராட்டினத்தின் பிடியைத் தளர்த்தி, படகைக் குண்டு கிடக்கும் இடத்துக்குத் திருப்பவேண்டும். அதுவும் இயலாதெனில் கம்பியை வெட்டிவிடவேண்டும். அதற்கான வெட்டுக்குறடு எப்போதும் ராட்டினத்தின் அருகே தொங்கட்டும். குண்டு போனால் வாங்கிக்கொள்ளலாம்.

மீன் கவ்விய கணத்தில் மூவரும் ஒரே பக்கத்துக்கு ஓடுவது இயல்பு. சிறு படகு சாய்வதும் அப்போதுதான். ஒருவர் கோலைப் பிடிக்க, ஒருவர் நீண்ட பிடியுள்ள வலையை ஏந்த, மூன்றாமவர் சுக்கானை விட்டு நகரலாகாது. இம்முறையைக் கரையிலேயே பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும். கைத்தொலைபேசி கரையிலிருந்து சில மைல் விலகியதும் பேசாமற்போகலாம், வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசை ஆபத்துக்கென்றே திறந்திருக்கிறது. அதனை இயக்கப் படகிலுள்ள மூவருமே அறிந்திருக்கவேண்டும்.

அம்மையாருக்கு இறுதியாக ஒரு வார்த்தை. தங்கள் புதல்வரைப் போகவேண்டாமென்று தடுப்பது முறையன்று. விடியலில் அந்த நீரின்மேல் செல்வதும், பத்துக் கிலோ மீனொன்று நரம்பைப் பறித்துக்கொண்டு ஓடுவதும் உழைத்துக் களைத்த மனத்துக்கு மருந்தாவன. ஆனால் தொலைபேசியில் பேசும்போது "எத்தனை மீன் கிடைத்தது?" என்று முதலில் கேட்காதீர்கள். காற்று எந்தத் திசை என்று கேளுங்கள். சட்டை உடம்பில் இருந்ததா, பெட்டியில் இருந்ததா என்று கேளுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் யாரிடமேனும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றாயா என்று கேளுங்கள். இம்மூன்றையும் தாயார் தவறாமல் கேட்பார் என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை கேட்பதற்கு முன்பே அவர் விடை சொல்வார். மீன் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.