கிடங்கின் கணக்கு

சென்ற ஆடி முழுவதும் நம் இல்லத்தரசிக்கு ஓயாத அசதி. மல்லேசுவரத்தில் ஒரு சோதனைச்சாலையில் இரத்தம் கொடுத்தோம். ஹீமோகுளோபின் 12.1; குறையொன்றுமில்லை என்று அனுப்பிவிட்டனர். அசதியோ தீர்ந்தபாடில்லை.

வேறொரு டாக்டர் பெரிட்டினைப் பார்க்கச் சொன்னார். நமக்குத் தெரிந்த கூட்ஸ் ஷெட் பாஷையில் கூறுவதானால், இரத்தத்தில் இரும்பை ஏற்றிச் செல்லும் வாகன் டிரான்ஸ்பெரின். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரும்பணுக்களே பாரம். பெரிட்டின், சரக்குக் கிடங்கு. கிடங்கு வற்றிய பின்னரே ஹீமோகுளோபின் இறங்கும். ஆதலால் முதற்சோதனை மட்டும் போதாது.

இரத்தத்தில் கலந்துள்ள சிறிதளவு பெரிட்டினைக் கண்டுபிடிப்பவை எதிர்ப்பொருள்கள். ஒன்று அதனை மட்டும் இனங்கண்டு பிடித்து நிறுத்த, அடையாளமிட்ட மற்றொன்று வந்தமர்ந்து கணக்குச் சொல்லும். ஒரே வார்ப்பான எதிர்ப்பொருள்களை வேண்டுமளவு விளைவிக்கும் வழியை 1975இல் கண்ட கோலரும் மில்ஸ்டைனும் 1984இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழாயின் இரும்புக் குறைவென்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வகுத்த அளவு. நம் வீட்டுக் கணக்கு 8! காய்ச்சல் வேளையில் இவ்வளவு உயர்ந்து காட்டுமாம். அன்பர்கள் அதனை டாக்டரிடம் மறவாது கூறுக.

2019-21 தேசியக் கணக்கெடுப்பில் கர்நாடகத்துப் பெண்களுள் 47.8 சதவீதத்தினர் இரத்தசோகையுற்றிருந்தனர். கிடங்கு மட்டும் வற்றியோர் அதில் சேரவில்லை.

இப்பொழுது மாத்திரை நடக்கிறது. சிற்றுண்டியோடு காப்பி கூடாதென்றதில்தான் வீட்டில் சச்சரவு.