விலக்கு வேண்டாம், கணக்கு வேண்டும்

“எனக்குக் கணக்கு வராதுங்க மேடம்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்குத் தமிழ் படிக்க வரும் பெண்களில் ஒருவர் இப்படிச் சொன்னார். பென்னாகரம் பக்கத்துக்காரர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளை வளர்த்த பிறகு பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுகிறார். நான்கு பாடங்களில் தேறிவிட்டார். கணக்கில் மட்டும் மூன்று முறை தோல்வி. கடைசி முறை வாங்கியது 27. அதைச் சொன்னபோது அவர் மடியில் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு இருந்தது. பன்னிரண்டு பேரின் சேமிப்பு, உள்கடன், வட்டி, பாக்கி எல்லாம் அவர் கையெழுத்தில். ஐந்து வருடமாக அந்த நோட்டில் ஒரு ரூபாய் உதைக்கவில்லை.

இந்தப் பெண்ணுக்குக் கணக்கு வராது என்று முதலில் சொன்னது யார்?

எனக்குச் சொன்னவரை எனக்கு நினைவிருக்கிறது. பத்தாம் வகுப்பில் என் கணக்கு விடைத்தாளைக் கொடுத்த ஆசிரியர், “கவிதை எழுதுற புள்ளைக்குக் கணக்கு எதுக்கு?” என்று சிரித்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். முனைவர் பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன், வீட்டுக்கடன் தாளில் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கடனுக்கு வட்டி எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது வீட்டு ஆணின் வேலை என்று விட்டிருந்தேன். சம்பாதிக்கிற, மேடையில் பெண்விடுதலை பேசுகிற என் நிலை இது.

வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் என்றார். மேடை தோறும் அதைச் சொல்லிவிட்டு, பெண்ணுக்கு ஒரு கண் போதும் என்று வைத்துவிட்டோம். அரைக்கால், மாகாணி, முந்திரி என்று முன்னூற்று இருபதில் ஒரு பங்கு வரைக்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் அந்த வாய்பாடுகளை ஒப்பித்த திண்ணைப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்தது அரிது. கணக்குப்பிள்ளை என்ற சொல் உண்டு. அந்தப் பிள்ளை எப்போதும் ஆண் பிள்ளை.

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தர்மபுரி. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் வேர்விட்டதும் இங்கேதான். 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரி பிரியாத அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படியுங்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத பெண்களின் கையில்தான் சேமிப்பும் கடனும் வட்டியும் கொடுக்கப்பட்டன. அவர்கள் தூக்கிச் சுமந்தார்கள். ஆனால் அவர்கள் செய்வதற்குக் கணக்கு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ‘பொறுப்பு’ என்று வைத்தார்கள்.

அதற்காக, “இவர்களுக்கு எல்லாம் தெரியும், பள்ளிக் கணக்கு எதற்கு?” என்று கொண்டாட நான் தயாராக இல்லை. தெரியாதது நிறைய இருக்கிறது. ஊர்ப்பக்கம் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். அது ஆண்டுக்கு 24 சதவீதம். ஆனால் ரெண்டு வட்டி என்றால் ‘குறைச்சல்’ என்கிறவர், 24 சதவீதம் என்றால் ‘அய்யோ’ என்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாத இடைவெளியில்தான் கடன் கொடுப்பவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இனி அந்தப் பத்தாம் வகுப்புத் தாள். எட்டாம் வகுப்பு முடித்தவர் நேரடியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். நல்ல வாய்ப்புதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பு என்ற படி அந்த ஏணியில் இல்லை. இருபது வருடத்துக்கு முன் படித்த பின்னமும் சதவீதமும் விகிதமும் மறந்துபோயிருக்கும். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்று கேட்டால் ‘அது ரூல்’ என்று பதில் வரும். இந்த அடித்தளம் இல்லாத இடத்தில் இருபடிச் சமன்பாட்டையும் முக்கோணவியலையும் கொண்டுவந்து இறக்குகிறார்கள்.

இதற்கு டுடோரியல்காரர்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. நூறு மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். ஆக 30. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் மூன்றைச் சரியாக எழுதினால் 35-ஐத் தாண்டிவிடலாம். “மத்ததை விட்டுருங்க” என்கிறார்கள். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் கைப்பழக்கம் வருகிறது, அது ஏன் தொடுகோடு என்று தெரியாது. மனப்பாடம் செய்த ஒரு மதிப்பெண் விடைகள் தேர்வு மண்டபத்தில் ஏமாற்றினால் 27. ஏமாற்றாவிட்டால் 36, சான்றிதழ் உண்டு, கணக்கு கிடையாது.

விடச் சொன்ன பாடங்களில் ஒன்று ‘எண்களும் தொடர்வரிசைகளும்’. எங்கள் கல்லூரிக் கணிதத் துறைத் தோழியை ஒரு ஞாயிறு வீட்டுக்கு அழைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் ஃபைனான்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்தார். கடன் 12,000 ரூபாய். ‘ஒரு வட்டிதான், வருடத்துக்கு 12 சதவீதம்தான்’ என்று கொடுத்தது. வட்டி 1,440. மொத்தம் 13,440-ஐப் பன்னிரண்டு தவணையாக்கி மாதம் 1,120.

தோழி கேட்டார்: “மாசம் ஆயிரம் அசல் குறையுதே, அப்புறம் ஏங்க பன்னெண்டு மாசமும் பன்னெண்டாயிரத்துக்கே வட்டி கட்டறீங்க?”

அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தால் முதல் மாதம் 120, அடுத்து 110, பிறகு 100, கடைசி மாதம் 10. இதுதான் பாடநூலில் இருக்கும் கூட்டுத் தொடர்வரிசை. முதலையும் கடைசியையும் கூட்டினால் 130. மாதங்களில் பாதி 6. பெருக்கினால் 780. கட்டியது 1,440. அதிகமாகப் போனது 660 ரூபாய். 12 சதவீதம் என்று சொன்ன கடனின் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கும் மேல்.

பெருக்கலைச் செய்தது அந்தப் பெண்தான், மனக்கணக்காக. கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இந்தப் பாடத்த எதுக்குங்க மேடம் உடச் சொன்னாங்க?” என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் டுடோரியல்காரர்கள் மட்டும் இல்லை. நம் பக்கத்திலேயே நல்ல மனத்தோடு சிலர் சொல்கிறார்கள்: பாவம், அவர்களுக்குக் கணக்கிலிருந்து விலக்கு கொடுத்துவிடலாமே. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணக்கை எடுக்காமலே பத்தாம் வகுப்பு முடிக்கலாமே. முடிக்கலாம். ஆனால் கிராம அஞ்சலகத்தில் அஞ்சல் ஊழியர் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ஊரிலேயே கிடைக்கும் மரியாதையான வேலை அது. இரக்கத்தின் பேரில் கொடுத்த விலக்கு அங்கே கதவாகச் சாத்திக்கொள்ளும்.

விலக்கு என்ற சொல்லைப் பெண்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாதம் மூன்று நாள் அடுப்படியிலிருந்து, சாமியிடமிருந்து, கிணற்றிலிருந்து விலக்கி வைத்தவர்களும் ஓய்வு கொடுப்பதாகத்தான் சொன்னார்கள்.

பெண் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் கட்டாயமானது தானாக நடந்ததல்ல. பெண்ணுக்கு மனையியல், ஆணுக்குக் கணக்கு என்று பாடத்திட்டத்தைப் பிரிக்கலாமா என்பது 1960-களில் ஒரு தேசியக் கேள்வியாக இருந்தது. பிரிக்கக் கூடாது என்றது ஹன்சா மேத்தா தலைமையிலான குழு. உலக மனித உரிமைப் பிரகடனத்தில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும் சொல்லை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்றவைத்தவர் அவர்தான். 1964-66 கோத்தாரிக் குழு முதல் பத்து ஆண்டுப் படிப்பில் எல்லாருக்கும் கணக்கும் அறிவியலும் வேண்டும் என்றது. அப்படிக் கிடைத்ததை இரக்கப்பட்டு நாமே திருப்பிக் கொடுக்கலாமா?

நம் கணித மேதை இராமானுஜன் கணக்கில் ஊறி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். வறுமையில் அலைந்தார். ஆனாலும் அவருடைய நோட்டைப் படித்துப் பார்க்க ஆட்கள் கிடைத்தார்கள், 1914-இல் கேம்பிரிட்ஜ் வரை கதவு திறந்தது. மற்ற நான்கிலும் தேறிக் கணக்கில் மட்டும் தோற்ற பெண்ணின் நோட்டை யார் படித்துப் பார்த்தார்கள்?

நாம் கேட்க வேண்டியது இதுதான். தனித்தேர்வர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கும் முன் மூன்று மாதம் பின்னம், விகிதம், சதவீதம், குறை எண் என்று அடித்தளம் போடுங்கள். அதைக் குழு நோட்டிலிருந்தும், கடன் அட்டையிலிருந்தும், நூறு நாள் வேலைக் கூலிச் சீட்டிலிருந்தும் தொடங்குங்கள். வகுப்பை ஊராட்சியிலேயே வையுங்கள், பெண்களுக்குக் கை ஒழியும் நேரத்தில் வையுங்கள். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்கும் ஆசிரியரை அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள். கல்லூரிகளில் கணிதம் படிக்கும் மாணவிகளே, வாரம் இரண்டு மணி நேரம் உங்கள் தெருவில் உட்காருங்கள். மேடையில் பேசும் என் போன்றவர்களே, முதலில் நம் வீட்டுக்கடன் தாளை எடுத்துப் படிப்போம்.

அவர் நான்காம் முறை எழுதப்போகிறார். வடிவியலும் வரைபடமும் இருக்கட்டும் என்றார், 35 வேண்டுமே. ஆனால் இந்த முறை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது தொடர்வரிசை. அவர் குழுவைச் சேர்ந்த மற்றப் பதினொரு பேரும் தத்தம் ஃபைனான்ஸ் அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.