வில்லனுக்குச் சாதி கிடையாதா?

செஞ்சிக்காரங்களுக்கு மேல்மலையனூர் மயானக் கொள்ளை ரத்தத்தில் ஊறினது. 2022இல் வந்த 'சுழல்' தொடர் அந்தத் திருவிழாவை வைத்துத்தான் நகர்கிறது. சிமெண்டு ஆலை எரிகிறது. ஒருபக்கம் பேராசைக்கார முதலாளி திரிலோக், எதிரே சங்கத் தலைவர் சண்முகம். நான் சேரியைத் தேடினேன். காணோம். முதலாளி என்ன சாதி? மூச்சில்லை.

எங்க மாவட்டத் தலைநகர் விழுப்புரத்தில், 1978 ஜூலையில், கடைத்தெருத் தகராறு முற்றி 12 தலித்துகளைக் கொன்னாங்க. பெரியபறைச்சேரி எரிஞ்சுது. அங்கே பேராசை ஒத்தை ஆளுக்குள்ள உட்கார்ந்திருக்கலை. கடையும் சாதியும் கைகோத்து வந்துச்சு.

தனியொரு முதலாளியைக் கெட்டவனாக்கிட்டா, பார்க்கிற ஊர்த்தெரு யோக்கியமாயிடுது. கதை எழுதுறவங்களே, வில்லனுக்குச் சாதியையும் எழுதுங்க. எந்த சேனல் காட்டுதுன்னு அப்புறம் பார்ப்போம்.