போர்வைக்குத் தண்டம்! படுக்கைக்குப் பிரார்த்தனை!

ரோக் ஆறு ஓடுகிறது. அதன் கரையிலே கிராண்ட்ஸ் பாஸ் என்றோர் ஊர். அமெரிக்க நாட்டு ஆரிகன் மாநிலத்தின் தென்பகுதியிலே, மலைகள் சூழ, மரங்கள் அடர, காண்போர் கண்ணுக்கு விருந்தாக அமைந்த ஊர். மக்கள் தொகை ஏறத்தாழ 38,000. பூங்காக்கள் பல உண்டு. பகலிலே குழந்தைகள் ஓடி விளையாடுவர். முதியோர் உலவி மகிழ்வர். இரவானால்? வீடில்லாதார் படுக்க இடம் தேடுவர். அவ்வூரிலே வீடற்றோர் சுமார் 600 பேர் என்பது நீதிமன்றம் வரை சென்ற கணக்கு. படுத்தவனுக்குக் குளிரெடுக்கும், பையிலிருந்து போர்வையை எடுப்பான். எடுத்தானோ இல்லையோ, குற்றவாளியாகிவிட்டான்!

ஆம்! வழக்கு நடந்த காலத்திலே அந்நகரமன்றத்தின் சட்டம் அவ்விதம் இருந்தது. பொது இடத்திலே படுக்கை விரித்து இரவைக் கழித்தால் அன்று 295 டாலர் தண்டம். கட்டத் தவறினால் அதுவே 537 டாலர் 60 சென்ட்டாக வளர்ந்தது. மீண்டும் அகப்பட்டால், பூங்காப் பக்கம் 30 நாள் தலைகாட்டாதே என்ற தடை. தடையை மீறினால் 30 நாள் வரை சிறை, 1,250 டாலர் வரை அபராதம். வாடகை கொடுக்க வழியின்றித் தெருவுக்கு வந்தவனிடம் 295 டாலர் கேட்கும் அறிவாளிகளை என்னென்று புகழ்வது! மொட்டைத் தலையனிடம் சீப்புக்கு வரி கேட்பவனைக்கூட மன்னித்துவிடலாம்.

2013-ஆம் ஆண்டிலே அந்நகரமன்றம் இதற்கெனவே கூடிப் பேசிற்று. மன்றத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்தவர் உள்ளத்தை ஒளிக்கவில்லை. இந்த ஊரில் இருப்பதே அவர்களுக்குச் சங்கடமாகிவிட வேண்டும், அப்போதுதான் வேறு ஊர் பார்த்து நடையைக் கட்டுவார்கள் என்பதே அவர் பேச்சின் சாரம்.

அப்படியானால் அந்த ஏழை எங்கே போவது? "ஏன், மிஷன் இருக்கிறதே!" என்று கைகாட்டினர். காஸ்பல் ரெஸ்க்யூ மிஷன் என்று பெயர். நற்செய்தி கூறி மீட்கும் இல்லம் என்பது பொருள். அரசு நடத்துவதன்று, கிறித்தவ அன்பர்கள் நடத்துவது. படுக்கை உண்டு, உணவு உண்டு. நிபந்தனையும் உண்டு! வழக்கு நடந்த காலத்து விதிகள் நீதிமன்றப் பதிவிலே இருக்கின்றன. 30 நாள் படுக்கைக்கு ஈடாக, நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், அந்த இல்லத்திலேயே உழைக்க வேண்டும். நாளுக்கு இருமுறை ஜெபக்கூடத்தில் அமர வேண்டும். புகை பிடித்தல் ஆகாது. உடல் நலிந்து உழைக்க இயலாதவன்? வேறு மதத்தவன்? எம்மதமும் வேண்டாதவன்? அவனுக்குப் பூங்கா இருக்கிறது. பூங்காவிலே போலீசும் இருக்கிறது.

இப்படிக் கூறுவதால், அங்கே தொண்டு செய்யச் செல்லும் நல்லவர்களை நாம் ஏளனம் செய்வதாக எண்ணிவிட வேண்டாம். இத்தகைய இல்லங்களுக்குச் செல்வோரை உலகறியும். தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாலை நேரத்தை விட்டு, வெங்காயம் அரிந்து கண்ணைக் கசக்கும் கல்லூரிப் பெண். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டிலே ஒரு குவளையைக்கூடக் கழுவாதவர், அங்கே வந்து நூறு தட்டுக் கழுவும் பெரியவர். அழுக்கேறிய போர்வையை முகம் சுளிக்காமல் துவைத்து மடித்துவைக்கும் தாய்மார். நவம்பர் மாதத்து நன்றியறிதல் நாளன்று கரண்டி பிடிக்க இடமில்லாத அளவு கூட்டம் கூடி, பிப்ரவரிக் குளிரிலே காணாமற்போகும் பருவத் தொண்டர்களும் உண்டு, அவர்கள் கிடக்கட்டும். மற்றையோர் கைகள் தூய கைகள். அந்தக் கைகளைக் கொண்டு என்ன செய்யப்படுகிறது என்பதுதான் நமது கேள்வி. சூப்பை ஊற்றுவது அந்தப் பெண்ணின் கை; சூப்பைக் காட்டி ஜெபக்கூடத்துக்கு இழுப்பது வேறொரு கை. இரண்டாவது கை, முதற்கையின் நிழலிலே மறைந்து வேலை செய்கிறது.

"ஜெபத்தில் அரைமணி உட்கார்ந்தால் உயிரா போய்விடும்?" என்பார்கள். உயிர் போகாது, மானம் போகும். ஜார்ஜ் ஆர்வெல் எனும் ஆங்கில எழுத்தாளர் லண்டன் நகரத்து நாடோடிகளோடு நாடோடியாகத் திரிந்து, 1933-இல் நூலாக எழுதினார். ஒரு கோப்பைத் தேநீருக்கும் ஒரு பன்னுக்கும் விலையாக முழங்கால் மடக்க வேண்டியிருந்ததை அதிலே விவரிக்கிறார். தேநீர் நல்ல தேநீர்தான். கொடுத்த அம்மையாரும் நல்லவர்தான். ஆனால் வாங்கிக் குடித்தவன் நெஞ்சிலே நன்றி பிறக்கவில்லை, வெறுப்புப் பிறந்தது. மற்றொரு நாள், மற்றொரு தேவாலயத்திலே, தேநீர் அருந்திய நூறு பேர் மாடத்திலே அமர்ந்துகொண்டு ஆராதனையையே நையாண்டி செய்தார்கள். பக்தியை வளர்க்கப் போட்ட பன், பக்தியையே பகடிப் பொருளாக்கிவிட்டது! மதத்தின்மீது மெய்யான பற்றுள்ளோர் நம்மைவிட அதிகமாக வருந்த வேண்டிய காட்சியன்றோ இது?

அவர்கள் மறையிலேயே, மத்தேயு 25-ஆம் அதிகாரத்திலே, பசித்தவன், தாகித்தவன், அந்நியன், ஆடையற்றவன், நோயாளி, சிறையிலிருப்பவன் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இவர்களுக்குச் செய்தது எனக்கே செய்தது என்பது ஏசுவின் வாக்காக அங்கே வருகிறது. நாம் பலமுறை படித்திருக்கிறோம். அந்தப் பட்டியலிலே, 'நாளுக்கு இருமுறை ஜெபத்துக்கு வந்தவன்' என்று ஒருவனைக் காணவில்லை. தலை சாய்க்க இடமற்றவன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட அந்தத் தச்சன் மகன், ரோக் ஆற்றங்கரையிலே ஓரிரவு போர்வை விரித்திருந்தால், விடியுமுன் 295 டாலருக்குச் சீட்டு கிழித்திருப்பார்கள்!

வழக்கின் கதையைச் சொல்ல வேண்டும். போய்சி நகரத்து வழக்கிலே 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இடமில்லாதவனை உறங்கியதற்காகத் தண்டித்தல் தகாது என்றது. அத்தோடு, வழக்குப் போடுவேன் என்று மிரட்டி ஒருவனை மதச் சார்பான திட்டத்திற்குள் அரசு தள்ளக்கூடாது என்பதையும் எடுத்துரைத்தது. அந்த வழியிலே கிராண்ட்ஸ் பாஸ் நகருக்கும் தடை வந்தது. பிறகு 2024 ஜூன் 28-ஆம் நாள், உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கிலே நகரமன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தண்டம் போடலாம், தவறில்லை என்றாகிவிட்டது.

அந்த வழக்கிலே நம் கருத்தை ஈர்த்தது தீர்ப்பு மட்டுமன்று. அன்பு இல்லம் நடத்தும் அந்த மிஷனும் நீதிமன்றத்திற்கு ஒரு மனு அனுப்பிற்று. தடைகள் வந்த பிறகு தங்கள் இல்லத்தைப் பயன்படுத்துவோர் சுமார் 40 விழுக்காடு குறைந்துவிட்டனர் என்பது அதன் குறை. தீர்ப்பிலும் அது எடுத்தாளப்பட்டது. படித்ததும் திடுக்கிட்டோம். தண்டத்தின் அச்சம் நீங்கியதும் நூற்றுக்கு நாற்பது பேர் வரவில்லை என்றால், அதுவரை அவர்களை அழைத்து வந்தது எது? நற்செய்தியா? சூப்பின் மணமா? தொண்டரின் புன்னகையா? போலீசின் சீட்டுப் புத்தகமன்றோ! விருந்தினர் குறைந்துவிட்டனர் என்று கண்ட ஒரு வீட்டார், நம் உபசாரத்தில் என்ன குறை என்று எண்ணிப் பார்ப்பர். காவலரிடம் சென்று, தடியை மீண்டும் எடுங்கள், அப்போதுதான் விருந்துக்கு ஆள் வரும் என்பரோ?

குடிப்பழக்கத்தால் அலைவோரை ஒழுங்குக்குள் கொண்டுவர ஓர் அதட்டல் தேவைப்படுகிறது என்று விடை கூறுவர். அதட்ட வேண்டுமானால் மருத்துவன் அதட்டட்டும், மருந்தும் கொடுக்கட்டும். அபராதச் சீட்டு எந்த நோய்க்கு மருந்து?

ஏழைத் தொண்டிலே பெரும்பெயர் பெற்ற வில்லியம் பூத் இதையெல்லாம் அறியாதவரல்லர். 1865-இல் கிழக்கு லண்டனிலே பணி தொடங்கி, பின்னாளில் இரட்சண்ய சேனை எனப் பெயரிட்டவர். 1890-இல் அவர் வெளியிட்ட நூலிலே லண்டன் வண்டிக் குதிரையை எடுத்துக்காட்டுகிறார். குதிரை தெருவிலே விழுந்தால், ஏன் விழுந்தாய் என்று கேட்டுக்கொண்டா நிற்கிறார்கள்? தூக்கி நிறுத்துகிறார்கள். அதற்குக் கொட்டில் உண்டு, தீனி உண்டு, வேலை உண்டு. மனிதனுக்கும் அந்த அளவாவது வேண்டாமா என்று கேட்டார். அருமையான கேள்வி! ஆனால் அதே சேனைதான், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர் மாவட்டத்திலே, ஸ்டூவர்ட்புரத்திலே, குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் எருகலர் குடிகளை அடைத்துவைத்த குடியிருப்பை வெள்ளையர் அரசுக்காக நடத்திற்று. ஆஜர் சொல்ல வேண்டும், அனுமதியின்றி வெளியேறக்கூடாது. வேலி போட்டது சர்க்கார். வேலிக்குள்ளே வேதம் சொன்னது சேனை. தண்டிப்பவனும் இரட்சிப்பவனும் கைகோத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் ஆரிகன் வரை போக வேண்டியதில்லை.

கிறித்தவர் அனைவரும் இவ்வழியே நடந்தனர் என்றால் அது பொய். நியூயார்க் நகரிலே டோரத்தி டே என்றொரு பெண்மணி. 1933 மே முதல் நாள், தோழர் பீட்டர் மோரினின் தூண்டுதலோடு, ஒரு சென்ட் விலையில் கத்தோலிக்கத் தொழிலாளி எனும் ஏட்டைத் தொடங்கினார். தொடர்ந்து விருந்தோம்பல் இல்லங்கள் எழுந்தன. அவர் ஆழ்ந்த பக்தை. அந்தப் பக்தி நமக்கு உடன்பாடன்று. ஆனால் அவரது இல்லத்திலே ஜெபம் விரும்பினோர்க்கு. சூப் வந்தோர் எல்லோர்க்கும்! தொண்டர்கள் வேறு பந்தியில் உண்பதில்லை; அதே கூரை, அதே மேசை.

1956-இல் அவர் இல்லத்துக் கட்டடம் தீப்பாதுகாப்பு விதிக்கு முரண் என்று 250 டாலர் தண்டம் விதித்தனர். இல்லத்து வாசலிலே நின்ற கூட்டத்திலிருந்து கசங்கிய உடையோடு ஒருவர் ஒரு தாளை அவர் கையில் திணித்தார். இரண்டரை டாலர் போலும் என்று எண்ணினார் டே. பிறகு பார்த்தால் 250 டாலருக்கான காசோலை. தந்தவர் கவிஞர் ஆடன்! 1960-இல் நகராட்சி அவரது கட்டடத்தை எடுத்துக்கொண்டு, ஈட்டுத் தொகையோடு 3,579 டாலர் 39 சென்ட் வட்டியும் அனுப்பிற்று. வட்டி வாங்குதல் எம் கொள்கையன்று என்று எழுதி அந்த வட்டியைத் திருப்பி அனுப்பினார். நாளைய சூப்புக்குக் கடன் வாங்கும் வீட்டார் செய்த காரியம் இது! வான் தாக்குதல் பாதுகாப்பு ஒத்திகைக்கு அடிபணிய மறுத்துச் சிறையும் சென்றார். அரசின் தடியை நம்பித் தம் இல்லத்தை நிரப்பிக்கொள்ளவில்லை.

"நீங்கள் எத்தனை கிண்ணம் ஊற்றினீர்கள்?" என்று நம்மை மடக்குவோர் உண்டு. ஊற்றுகிறவன் மட்டுமே பேசலாம் என்றால், வாங்கிக் குடிப்பவன் என்றுமே பேச முடியாதே! 2024 ஜனவரியில் அமெரிக்க அரசே எடுத்த கணக்கிலே, ஓரிரவில் வீடற்றிருந்தோர் 7,71,480 பேர். இத்தனை பேரும் ஜெபத்துக்கு வராததால் வீட்டை இழந்தவர்களா? வாடகை ஏறிற்று, கூலி ஏறவில்லை, கட்டவேண்டிய வீட்டைக் கட்டவில்லை. ஜெபக்கூடத்துப் பலகையிலே இதற்கு விடை எழுதியிருக்கவில்லை.

கிராண்ட்ஸ் பாஸ் வழக்கைத் தொடுத்தவர்களுள் ஒரு பெண்மணி. வீடிழந்து, ஆண்டுக்கணக்கில் அந்த ஊரின் பூங்காக்களிலும் தெருக்களிலும் உறங்கியவர். உடற்குறையுள்ள அவருக்கு அந்த இல்லத்தின் விதிகள் ஒத்துவரவில்லை. 5,000 டாலருக்கும் மேல் அவர் தலையில் தண்டம் சுமத்தப்பட்டிருந்தது. இறுதித் தீர்ப்பைக் காணாமலே 2021-இல் மறைந்தார்.

எனவே, தொண்டாற்றப் புறப்படும் இளைஞர்களே, கரண்டியைக் கீழே போடுமாறு நாம் கூறவில்லை. ஏந்துங்கள். ஏந்துமுன், இல்லத்துப் பொறுப்பாளரிடம் நேருக்கு நேர் கேளுங்கள்: ஜெபத்துக்கு வர மறுப்பவனுக்கும் இன்றிரவு படுக்கை உண்டா? உண்டு என்றால் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே செல்லுங்கள். இல்லை என்றால், சூப் ஊற்றும் ஒரு மாலையை நகரமன்றக் கூட்டத்திற்குத் தாருங்கள். போர்வைக்குத் தண்டம் விதிக்கும் தீர்மானம் அங்கே வருகிறபோது, எழுந்து நின்று, அந்தப் போர்வையைத் துவைத்து மடித்தவள் நான் என்று கூறுங்கள்.