பேறா? சிறையா?

ஆங்கிலத்திலே 'கொன்பைன்மென்ட்' என்றொரு சொல் உண்டு. நீதிமன்றத்திலே கேட்டால் மனிதனை அடைத்துவைத்தல் என்று பொருள். பழைய வைத்திய நூலிலே கண்டால் பிள்ளைப்பேறு என்று பொருள். சிறையும் தொட்டிலும் ஒரே சொல்லுக்குள் எவ்வாறு குடிபுகுந்தன என்று ஆங்கிலம் கற்ற நம்மவர் எத்தனை பேர் ஆராய்ந்தனர்?

அச்சொல்லின் வேர் லத்தீன் மொழியிலே உள்ளது. 'பீனிஸ்' என்றால் எல்லை. வயல் உடைய நம் விவசாயிக்கு விளங்கும்படி சொல்வதானால், வரம்பு. ஒருவரை வரம்புக்குள் நிறுத்துவதே அதன் முதற்பொருள். பிள்ளை பெறும் சீமாட்டியை அறையை விட்டு வெளிவராதபடி வாரக்கணக்கில் படுக்கையிலே கிடத்திய வழக்கத்தால், 18ஆம் நூற்றாண்டிலே பிரசவத்துக்கும் அப்பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. தமிழனோ அதனைப் பேறு என்றான். பெறத்தக்க செல்வம் என்றான். இதைச் சொல்லி நாம் மார்தட்டவும் வேண்டியதில்லை. துடக்கு என்று சொல்லி முப்பத்தொரு நாள் பெண்ணை மூலையில் இருத்தியவர்கள் நாமுந்தான். ஆயினும், அந்த மூலை அவள் வீட்டு மூலை.

நாம் எழுதவந்தது மொழி ஆராய்ச்சி அன்று. 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டம் இந்தச் சொல்லைத்தான் ஆண்டது. அச்சட்டத்தின்படியே பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு உதவிப்பணம் அளக்கப்பட்டு வந்திருக்கிறது. முதலிரு பிள்ளைகளுக்கு எண்பத்து நான்கு நாள் விடுமுறை, அதன்பின் பிறக்கும் பிள்ளைக்கு அதிற் பாதி என்றொரு விசித்திரக் கணக்கும் இருந்தது. மூன்றாவது பிள்ளையைப் பெறுகிறவளுக்கு வலி பாதியாகக் குறையும் என்று எந்த மேதை கண்டுபிடித்தாரோ! 2018இல் வந்த திருத்தத்தின் பின்னரே அந்த வேற்றுமை நீங்கிற்று. அந்த அளவில் மகிழ்ச்சியே.

ஆனால் இங்கே சில கனவான்கள் குறுக்கிடுவார்கள். "தோட்டத்துப் பெண்ணுக்கு என்ன குறை? இருக்க வீடு இலவசம், மருத்துவச்சி உண்டு, வேலைக்குப் போகையில் குழந்தையை விட்டுச்செல்லப் பிள்ளைக் காம்பரா உண்டு. கிராமத்துப் பெண்ணுக்கு இவை ஏது?" என்பார்கள். இந்த வாதம் மண்டபங்களிலே மட்டுமன்றி, பட்டம் பெற்ற நம்மவர் விருந்துகளிலும் கேட்கிறது. ஆதலால் மறுமொழி கூறியே தீரவேண்டும்.

அவர்கள் எண்ணிக் காட்டும் நன்மைகளெல்லாம் எந்த வாசல் வழியாக வந்தன? தோட்ட நிர்வாகத்தின் வாசல் வழியாக. காம்பரா நிர்வாகத்துடையது, காம்பரா நிற்கும் நிலம் நிர்வாகத்தின் குத்தகை. கிராமத்துப் பெண் நாளை வேறு தொழில் தேடிச் சென்றாலும் அவள் குடிசை அவளுடையதே. தோட்டத்துப் பெண்ணின் வீட்டிலே தோட்டத்தில் பெயர் பதிந்த ஒருவரும் இல்லாமற் போனால், பத்தடிக்குப் பன்னிரண்டடியான அந்த அறையும் கேள்விக்குறியாகிவிடும். வேலையும் கூரையும் ஒரே கயிற்றிலே கட்டப்பட்டுள்ளன. ஒன்றை அவிழ்த்தால் மற்றது விழும். இதற்கு இலவசம் என்றா பெயர்?

இந்தக் கயிறு நேற்றுத் திரித்ததன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடூழியச் சிறை விதித்தது. வேலையை விட்டது குற்றம், அதற்குச் சிறை! கடனைக் காட்டி ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது. சிறை போயிற்று; துண்டு போயிற்று; வரம்பு போகவில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்து, நாடென்னும் பெரிய வரம்புக்கு வெளியே தள்ளினார்கள். தோட்டமென்னும் சிறிய வரம்புக்குள்ளே மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டபோது, பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

தொழிலாளி வெளியே செல்வது மட்டுமா, வெளியார் உள்ளே வருவதும் தடையாகவே இருந்தது. தொழிற்சங்கக்காரன் லயத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறி நுழைந்தான் என்று வழக்கு வரக்கூடிய நிலை. அவனுக்குத் தோட்டத்துள் நுழையும் உரிமையைச் சட்டத்தில் எழுத 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து விவசாயி தன் வளவுக்கு வேலி அடைக்கிறான். அது அயலவன் மாட்டைத் தடுக்க. தன் வீட்டுக்கு வரும் விருந்தாளியைத் தடுக்கும் வேலியை எந்த விவசாயியாவது பொறுப்பானா?

இவ்வளவும் பழங்கதை என்பவர்கள் கொஸ்லந்தைக்குச் செல்லட்டும். 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலையிலே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தனர். பின் ஏன் மக்கள் எழுந்து போகவில்லை என்று அன்று கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? போய்க் குடியிருக்கத் தம் பெயரில் ஒரு துண்டு நிலம் இருந்ததா? எழுந்து போ என்று வாயாற் சொல்லிவிட்டுப் போவதற்கு இடம் காட்டாத எச்சரிக்கை, பூட்டிய அறைக்கு வெளியே நின்று "தீ, தீ" என்று கூவுவதற்கு ஒப்பாகும். அந்த லயங்களிலே தாய்மாரும் இருந்தனர், மழலைகளும் இருந்தனர். ஆங்கிலச் சொல்லின் இரு பொருளும் அன்று ஒரே சேற்றின் கீழ்க் கிடந்தன.

ஆகவே இலவச வீட்டைப் பற்றிய புகழுரை போதும். வீடு தொழிலோடு ஒட்டாமல், மலை சரியாத நிலத்திலே, உறுதி எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். அந்த உறுதியிலே பெண்ணின் பெயரும் இருக்கவேண்டும். ஊவாவிலே காணி, புதிய வீடு என்று விழாக்கள் நடக்கின்றன, அடிக்கல் நாட்டப்படுகிறது, மாலை விழுகிறது. பதுளையிலே தொழில் நடத்தும் தமிழ்ச் சட்டத்தரணிகளை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த விழாவுக்கு அழைப்பு வந்தால் முன்வரிசையிலே அமருங்கள். ஆனால் மாலையிடும் முன்னர், உறுதி எங்கே, பதிவுக் கந்தோரிலே அது எவர் பெயரில் ஏறியிருக்கிறது என்று எழுந்து நின்று கேளுங்கள்.