கொட்டகையில் காத்திருந்த வண்டி



நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். மரித்த நம்மவரின் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றி மன்றாடுவோம். அவ்வேளையில் சிலர் கல்லறையோடு தனியே பேசிக்கொண்டிருப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். உயிரோடிருந்தபோது சொல்லாமற்போனதை அங்கே சொல்கிறார்கள். இவ்வாண்டு அந்நாளை எண்ணும்போதெல்லாம், நம் பங்கில் ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நம் கண்முன் நிற்கின்றது.

அது 1986ஆம் ஆண்டின் ராஜ்தூத் 350. ஜப்பானின் யமஹா நிறுவனத்தார் 1973இல் வெளியிட்ட ஆர்.டி. 350 என்னும் அதிவேக வண்டியை, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் 1983 முதல் ஃபரிதாபாத்தில் நம் நாட்டுக்கென உருவாக்கினர். இரண்டு சிலிண்டர்கள், 347 சி.சி., ஆறு கியர்கள். அக்காலப் புல்லட்டின் ஆற்றல் 18 குதிரைத்திறன். இதற்கோ 27, சிலவற்றில் 30.5. பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்ததால் வாங்குவோர் குறைந்தனர். சில ஆண்டுகளில் தயாரிப்பும் நின்றது. ஆயினும் அதன் ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதை இன்றும் மறக்கவில்லை.

இது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து உட்சென்றால்தான் பிஸ்டன் வழுக்கி ஓடும். எண்ணெய்க்கெனத் தனித்தொட்டி உண்டு. சிறிய பம்பு ஒன்று அதை அளந்து, துளித்துளியாக என்ஜினுக்குள் அனுப்பும். தொட்டி வற்றியது தெரியாமல் ஓட்டினால், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடும். பட்டறையில் இதை "சீஸ்" என்பார்கள்.

1994இல் அதுதான் நடந்தது. வீட்டின் மூத்த மகன், தந்தையிடம் கேளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வேளாங்கண்ணித் திருநாளுக்குப் புறப்பட்டான். எண்ணெய்த் தொட்டியைப் பார்க்கவில்லை. நாகப்பட்டினத்தை எட்டுமுன் வண்டி நின்றது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது தந்தை சொன்னது ஒரே வார்த்தை: "இனி என் வண்டியைத் தொடாதே." வண்டி கொட்டகைக்குள் போயிற்று; பூட்டு விழுந்தது. மகன் வேலை தேடி வடக்கே சென்றான். விடுமுறைக்கு வருவான், உண்பான், போவான். தந்தையும் மகனும் மனம்விட்டுப் பேசியதில்லை. 2011இல் தந்தை இறந்தார். மகன் வந்து அடக்கத்தில் நின்றுவிட்டு மறுநாளே திரும்பினான்.

சென்ற ஆண்டு, ஐம்பது வயதை எட்டிய அம்மகன் ஊருக்கே வந்துவிட்டார். வண்டியைச் சீர்படுத்த விரும்புவதாகச் சொல்லி, கொட்டகையைத் திறக்கும் நாளில் நம்மையும் அழைத்தார். சிலந்திக்கூடும் எலிப்புழுக்கையுமாகக் கிடந்தது. ஒயர்களை எலி கடித்திருந்தது. டயர்கள் வெடித்திருந்தன. ஆவல் மிகுதியில் அவர் கிக்கரின்மேல் காலை வைத்தார். "உதைக்காதீங்கண்ணே!" என்று மெக்கானிக் தடுத்தார். நெடுநாள் நின்ற வண்டியை உடனே உதைத்தால், உள்ளே துரு இருப்பின் அது சிலிண்டரின் சுவரைக் கீறிவிடுமாம். கிராங்கின் இருபுறமும் உள்ள ரப்பர் சீல்கள் காய்ந்திருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து, என்ஜின் அளவுமீறிச் சூடேறி, பிஸ்டன் மறுபடியும் கெடுமாம். ஆகவே முதலில் திறந்து பார்த்தல், பின்பே ஓட்டுதல்.

அவர் பார்க்கப் பார்க்க, அவர் முகத்தில் வியப்பு கூடிற்று. டயர்களின்மேல் பாரம் இராதபடி வண்டி மரக்கட்டைகளின்மீது நிறுத்தப்பட்டிருந்தது. பிசினாகிக் கார்புரேட்டரின் துளைகளை அடைக்காதபடி பெட்ரோல் முற்றிலும் வடிக்கப்பட்டிருந்தது. சைலன்சர்களின் வாயில் எண்ணெய்த்துணி அடைத்திருந்தது. பிளக்குகளைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தார். பிஸ்டன்களின்மேல் கெட்டியான எண்ணெய்ப் படலம். பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றியபோது பிஸ்டன்கள் அசைந்தன. சிலிண்டரைக் கழற்றியபோது 1994இன் கீறல்கள் அப்படியே தெரிந்தன. ஆனால் துரு இல்லை.

"இது எறிந்துவிட்ட வண்டி இல்லை சாமி. யாரோ வருஷக்கணக்கா பார்த்துப் பார்த்து வச்சிருக்காங்க" என்றார் மெக்கானிக்.

திண்ணையில் அமர்ந்திருந்த தாய் அப்போதுதான் வாய் திறந்தார். "ஒவ்வொரு வருஷமும் மாதா திருநாளுக்கு முந்தி, எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கிட்டு உள்ளே போவாரு. கேட்டா, எலி இருக்கான்னு பாக்கப் போறேன்னு சொல்லுவாரு."

மகன் அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டார். நாமும் பேசவில்லை.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் தந்தை, மகனைத் தொலைவில் கண்டதும் ஓடிச்சென்று தழுவிக்கொள்கிறார். நம் தந்தையருள் பலருக்கு ஓடத் தெரிவதில்லை. அவர்களது மன்னிப்பு கொட்டகைக்குள் போய்விடுகிறது. எண்ணெய் ஊற்றத் தெரிந்த கை மகனின் தோளைத் தொடவில்லை. தந்தையை மட்டும் குறை கூறுவானேன்? "தவறு என்னுடையது, அப்பா" என்னும் சொல்லை மகனும் பதினேழு ஆண்டுகள் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஊற்றும் எண்ணெய் துருவைத் தடுக்கும், வண்டியை ஓட்டாது. ஓடுவதற்கு எண்ணெய் துளித்துளியாக, இடைவிடாமல் செல்ல வேண்டும். இல்லறத்தில் அன்பும் அவ்வாறே.

வேலை இன்னும் முடியவில்லை. தொட்டியின் உட்புறத் துருவை நீக்கியாயிற்று. சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன்களைப் பொருத்த வேண்டும். சீல்களை மாற்ற வேண்டும். பதினைந்து ஆண்டைக் கடந்த பதிவைப் புதுப்பிக்கவும், பெயர் மாற்றவும் மனுச் செய்ய வேண்டும். எண்ணெய்ப் பம்பின் குழாயில் காற்றுக் குமிழி நின்றால் எண்ணெய் வராது. ஆகையால் முதல் தொட்டிப் பெட்ரோலில் எண்ணெயைக் கலந்தே ஊற்றப் போவதாக மெக்கானிக் கூறுகிறார். மகன் எதற்கும் அவசரப்படுவதில்லை. தினமும் மாலையில் தாயருகே அமர்ந்து, தந்தையைப்பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இம்மாதம் கல்லறைக்குச் செல்லுங்கள்; மரித்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். அதற்குமுன், உயிரோடிருப்போரில் யாரிடம் ஒரு வார்த்தை பாக்கி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதை இன்றிரவு உணவு வேளையிலேயே சொல்லிவிடுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.